டேங்கில் எவ்வளவு இருக்கிறது? டேங்க் ஃபார்முக்குப் புதிதாக வந்திருப்பவருக்கு

டீசல் டேங்க் ஒன்றின் உச்சியில் நின்று முதன்முதலாக டிப் எடுத்த (எஃகு டேப்பை உள்ளே இறக்கி சரக்கின் உயரத்தை அளந்த) அன்று நான் 8 மில்லிமீட்டர் தப்பாகப் படித்தேன். எட்டு மில்லிதானே, அதிலென்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். கீழே இருந்த சீனியர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "தம்பி, ரெண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் டீசல எங்க இருந்து கொண்டு வந்த?" என்று கேட்டார். 20 மீட்டர் விட்டமுள்ள டேங்கில் ஒரு மில்லிமீட்டர் உயரம் என்பது 314 லிட்டர். அன்றைக்குத்தான் இந்த வேலையின் கனம் எனக்குப் புரிந்தது.

பெட்ரோல், டீசல், ஃபர்னஸ் ஆயில் மாதிரியான சரக்கைப் பெரிய டேங்குகளில் சேமிக்கும் இடத்தில், அதாவது டேங்க் ஃபார்மில், ஆபரேட்டராகவோ இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாகவோ சேர்ந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அமிலம், கரைப்பான், தண்ணீர் வைத்திருக்கும் ஆலைக்காரர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோல் ரூம் திரையில் "8.246 மீட்டர்" என்று பளிச்சென்று எண் வருகிறதே, அது பெரும்பாலும் நேராக அளந்த மட்டம் கிடையாது. கருவி அளப்பது வேறொன்றை: அழுத்தத்தை, எதிரொலி திரும்பும் நேரத்தை, கம்பியில் தொங்கும் எடையை. அதிலிருந்து சில அனுமானங்களை வைத்து மட்டத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அனுமானம் தப்பினால் மட்டமும் தப்பும். எந்தக் கருவிக்கு முன்னால் நின்றாலும் "இது உண்மையில் எதை அளக்கிறது, தப்பினால் எந்தப் பக்கம் தப்பும்?" என்று கேட்டுப் பழகுங்கள். குறைத்துக் காட்டும் தப்புதான் அதிக ஆபத்து. டேங்க் நிரம்பி வழிவதற்கு அதுதான் வழி விடும்.

மேலே ஏறும் முன்

டேங்க்கின் காலிப்ரேஷன் சார்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது அதில்தான் இருக்கும். டேங்க்கைச் சுற்றி அளந்து, உள்ளே இருக்கும் குழாய், ஏணி, தூண் எல்லாம் பிடிக்கும் இடத்தைக் கழித்து, அடித்தட்டின் சரிவையும் சேர்த்துத் தயாரித்தது அது. விட்டத்தை வைத்து நீங்களாகப் போடும் கணக்கு ஒரு குத்துமதிப்புக்கு உதவும், இருப்புக் கணக்குக்கு உதவாது.

சார்ட்டில் இரண்டு எண்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று ரெஃபரன்ஸ் ஹைட்: மேலே டிப் எடுக்கும் ஹேட்ச்சின் (மூடி போட்ட திறப்பு) விளிம்பில் குறித்திருக்கும் புள்ளியிலிருந்து, நேர் கீழே அடியில் பதித்திருக்கும் டேட்டம் பிளேட் வரைக்கும் உள்ள உயரம். இன்னொன்று, இதற்கு மேல் நிரப்பக் கூடாது என்ற பாதுகாப்பு உயரம். முதல் எண் ஹேட்ச் பக்கத்திலேயே தகட்டில் பொறித்திருக்கும். சார்ட்டும் தகடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய டேங்குகளில் ஒத்துப்போகாமல் பார்த்திருக்கிறேன். ரிப்பேரில் ஹேட்ச்சை மாற்றியிருப்பார்கள், சார்ட்டை மாற்றியிருக்க மாட்டார்கள்.

டேங்க் நின்ற வாக்கில் இருக்கிறதா, படுத்த வாக்கில் இருக்கிறதா என்பதும் முக்கியம். மேட்டூர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். முழு உயரம் 120 அடி, அப்போது கொள்ளளவு 93.47 டிஎம்சி. பாதி உயரமான 60 அடியில் தண்ணீர் பாதி இருக்காது, சுமார் 25 டிஎம்சிதான். அடி குறுகல், மேலே அகலம். படுத்திருக்கும் உருளை டேங்கிலும் அடிப்பகுதியில் இதே கதைதான். 2 மீட்டர் விட்டமுள்ள டேங்கில் 50 சென்டிமீட்டர் டிப் வந்தால் கால் டேங்க் என்று எண்ணிவிடாதீர்கள், கொள்ளளவில் 19.5 சதவீதம்தான். 20 சென்டிமீட்டர் என்றால் வெறும் 5 சதவீதம். பெட்ரோல் பங்க்குகளில் பூமிக்கடியில் புதைத்திருப்பது இந்த ரகம். அங்கே டிப் ராடு, சார்ட் இரண்டும் இல்லாமல் ஒரு லிட்டர்கூடச் சொல்ல முடியாது.

அப்புறம், சரக்கு உள்ளே வந்துகொண்டோ வெளியே போய்க்கொண்டோ இருக்கிறதா என்று கன்ட்ரோல் ரூமில் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கிற டிப்புக்குக் கணக்கில் மதிப்பில்லை.

ஹேட்ச்சைத் திறக்கும் முன்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

பெட்ரோல், டீசல் போன்றவை குழாயில் ஓடும்போது நிலைமின்சாரம் ஏறும். அவற்றுக்கு மின்சாரத்தைக் கடத்தும் தன்மை மிகக் குறைவு என்பதால் ஏறிய மின்னூட்டம் உடனே இறங்காது. அந்த நேரத்தில் உலோகக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டால், மட்டத்துக்கும் குண்டுக்கும் நடுவில் பொறி பறக்கலாம். பொறி பறக்கும் இடத்தில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். ஆகவே சரக்கு நின்ற பிறகு பெரிய டேங்க்குகளில் 30 நிமிடம் காத்திருந்துதான் டிப் எடுக்க வேண்டும். "லாரி வெயிட்டிங்" என்று யார் கத்தினாலும் இந்த அரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

நைலான் கயிற்றில் எதையும் கட்டி இறக்கக் கூடாது. பருத்தி உடை போடுங்கள். ஹேட்ச்சைத் திறக்கும் முன் கைப்பிடிக் கம்பியை வெறுங்கையால் தொட்டு உடம்பில் இருப்பதை இறக்கிவிடுங்கள். டேப்பின் உலோகம் ஹேட்ச்சின் உலோகத்தோடு தொடர்பில் இருக்கட்டும். மொபைல் கீழேயே இருக்கட்டும். டார்ச் தீப்பற்றும் இடத்துக்கென்று சான்று பெற்றதாக இருக்க வேண்டும். இடி மின்னல் இருந்தால் ஏறவே வேண்டாம்.

காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து, ஆவி உங்கள் முகத்துக்கு வராதபடி நில்லுங்கள். ஹேட்ச்சைத் திறந்ததும் குனிந்து உள்ளே எட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். கச்சா எண்ணெய் டேங்க்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடுமே என்பார்கள். அளவு கூடினால் அந்த வாயு மூக்கையே மரக்கச் செய்துவிடும், நாற்றம் தெரியாது. காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்பதே உயிருக்கு ஆபத்தான அளவு. கேஸ் டிடெக்டர் இல்லாமல் அந்த டேங்க் மேல் போகாதீர்கள். நைட்ரஜன் போர்த்திய (சரக்குக்கு மேலுள்ள வெற்றிடத்தை நைட்ரஜனால் நிரப்பிய) டேங்க் என்றால் நாற்றமே இருக்காது, ஆனால் ஹேட்ச்சிலிருந்து வெளியே வருவதில் சுவாசிக்க ஆக்ஸிஜன் இருக்காது.

இன்னும் ஒன்று. கூரைத் தகட்டில் நடைபாதை போட்டிருக்கும் இடத்தில் மட்டும் நடங்கள். கடலோரத்து டேங்குகளில் பெயின்ட் நன்றாக இருக்கும், அடியில் தகடு தின்றுபோயிருக்கும். மிதக்கும் கூரை என்றால் பர்மிட் இல்லாமல் அதன் மேல் இறங்கவே கூடாது.

டிப் எடுத்தல்

டிப் டேப் என்பது மில்லிமீட்டர் குறித்த எஃகுப் பட்டை. நுனியில் பித்தளைக் குண்டு. கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி இருக்கும், ஆனால் அளவு குண்டின் நுனியிலிருந்தே பூஜ்யமாக ஆரம்பிக்கும். இரும்பாக இல்லாமல் பித்தளையாக இருப்பது மோதினால் பொறி வரக் கூடாது என்பதற்காக.

முதலில் டேப்பைத் துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கோடு எங்கே விழும் என்பதைச் சார்ட்டையும் திரையையும் வைத்து மனதில் ஊகித்துக்கொள்ளுங்கள். டீசல் கோடு தெளிவாக நிற்கும். பெட்ரோல் டேப்பை மேலே இழுப்பதற்குள் பறந்துவிடும், கோடு தெரியாது. அதற்கென்று பேஸ்ட் இருக்கிறது. கோடு விழும் இடத்தில் மெல்லியதாகத் தடவினால் நனைந்த பகுதி நிறம் மாறும்.

ஹேட்ச்சில் குறித்திருக்கும் அதே புள்ளியிலிருந்து இறக்குங்கள். வேறு இடத்திலிருந்து இறக்கினால் குண்டு வேறு இடத்தில் போய் உட்காரும், அடித்தட்டு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. எண்ணெயைத் தொடும் வரை வேகமாகப் போகலாம். கடைசி ஒரு சாணுக்கு மெதுவாக, மிக மெதுவாக. குண்டு பிளேட்டைத் தொட்டதும் கையில் ஒரு சின்ன "டக்" தெரியும். அந்த நொடியிலேயே நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டால் குண்டு சாயும், டேப் தொய்யும், இருப்பதைவிட அதிகமாக எழுதுவீர்கள். என்னுடைய 8 மில்லிமீட்டர் அப்படி வந்ததுதான்.

மேலே இழுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதியவர்கள் பத்தில் ஒன்பது பேர் மறப்பது இதை. குண்டு அடியில் இருக்கும்போதே, ஹேட்ச் விளிம்புப் புள்ளியில் டேப் என்ன காட்டுகிறது என்று படியுங்கள். அது ரெஃபரன்ஸ் ஹைட்டுக்குச் சமமாக இருக்க வேண்டும். குறைவாக வந்தால் குண்டு அடியைத் தொடவில்லை, சகதி மேல் உட்கார்ந்திருக்கிறது. கூடுதலாக வந்தால் குண்டு சாய்ந்துவிட்டது. இரண்டில் எதுவானாலும் அந்த டிப்பை எழுதாதீர்கள்.

சரி, இப்போது டேப்பை நிறுத்தாமல் இழுத்து, கோட்டைப் படியுங்கள். முதலில் மில்லிமீட்டரை, அப்புறம் சென்டிமீட்டரை, கடைசியில் மீட்டரை. காய்வதும் வழிவதும் மில்லிமீட்டரைத்தான் முதலில் தின்னும். இன்னொரு தடவை எடுங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அதுவே டிப். இல்லையென்றால் மூன்றாவது தடவை எடுங்கள். மூன்றும் 3 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் வந்தால் சராசரியை எழுதலாம். அதற்கும் வெளியே போனால் டேங்க்குக்குள் ஏதோ அசைகிறது என்று பொருள். காத்திருங்கள்.

ஃபர்னஸ் ஆயில், தார் போன்ற கெட்டிச் சரக்கில் டேப்பை அடி வரை இறக்குவது வெட்டி வேலை. அங்கே மேலிருந்து வெற்றிடத்தை அளப்பார்கள், அல்லேஜ் என்று பெயர். ரெஃபரன்ஸ் ஹைட்டிலிருந்து அல்லேஜைக் கழித்தால் மட்டம் கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த முறையில் ரெஃபரன்ஸ் ஹைட் தப்பாக இருந்தால் அந்தத் தப்பு அப்படியே மட்டத்தில் வந்து உட்காரும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

அடியில் கிடக்கும் தண்ணீர்

எண்ணெய் டேங்க்கின் அடியில் தண்ணீர் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வந்தது, மழையில் புகுந்தது, இரவுக் குளிரில் கூரையில் வேர்த்து வடிந்தது, எல்லாம் கீழே சேரும். தண்ணீர் பேஸ்ட்டைக் குண்டின் மேல் மெல்லியதாகத் தடவி இறக்கி, பெட்ரோல் என்றால் 10 நொடியாவது, கெட்டி எண்ணெய் என்றால் அதைவிட அதிக நேரம் அடியிலேயே பிடித்திருங்கள். நிறம் மாறிய உயரம்தான் தண்ணீர் மட்டம். குண்டின் ஒரு பக்கம் உயரமாகவும் இன்னொரு பக்கம் தாழ்வாகவும் நிறம் மாறியிருந்தால், பேஸ்ட் தடிமனாகிவிட்டது அல்லது குண்டு சாய்ந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடியும் எடுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் இது கொஞ்சம் வில்லங்கம். கொஞ்சம் தண்ணீர் புகுந்தால் எத்தனால் அதைத் தன்னோடு கலந்துகொள்ளும், அடியில் எதுவும் தெரியாது. அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் ஒரு அடுக்காக நிற்கும். அந்த அடுக்கைப் பழைய பேஸ்ட் சரியாகக் காட்டாது. எத்தனால் பெட்ரோலுக்கென்றே தனி பேஸ்ட் இருக்கிறது, ஸ்டோரில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மில்லிமீட்டரை லிட்டராக்குதல்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அதே 20 மீட்டர் விட்டமுள்ள டீசல் டேங்க். டிப் 8,246 மிமீ. தண்ணீர் 32 மிமீ. சார்ட் இல்லாமல் குத்துமதிப்பாகப் போட்டால் மொத்தம் 2,590.6 கிலோ லிட்டர். தண்ணீர் 10 கிலோ லிட்டர் போக 2,580.5 கிலோ லிட்டர் டீசல். இதோடு முடிந்ததா? இல்லை.

டீசல் சூட்டில் விரியும். ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். பெட்ரோல் இதைவிட அதிகம் விரியும். அதனால்தான் கணக்கை 15 டிகிரி செல்சியஸுக்கு மாற்றி எழுதுகிறோம். டேங்க்கில் டீசல் 35 டிகிரியில் இருந்தால், மேலே சொன்ன அளவு 15 டிகிரியில் சுமார் 43 கிலோ லிட்டர் குறைந்துவிடும். 20 கிலோ லிட்டர் லாரி இரண்டுக்கு மேல். யாரும் திருடவில்லை, வெயில் ஊதிக் காட்டியிருக்கிறது. புதியவர்களில் பலர் முதல் "நஷ்டத்தை" பார்த்து நடுங்கிப்போவது இந்த இடத்தில்தான்.

வெப்பநிலையை ஒரே இடத்தில் எடுக்காதீர்கள். உயரமான டேங்க்கில் மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் ப்ரோபை இறக்கி, எண் நிலைக்கும் வரை பொறுத்து எடுத்து, சராசரி போடுங்கள். சாம்பிள் எடுத்து ஹைட்ரோமீட்டரில் அடர்த்தியும் அதே நேரத்தில் சாம்பிளின் வெப்பநிலையும் பாருங்கள். ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் 53பி அட்டவணை அந்த அடர்த்தியை 15 டிகிரிக்கு மாற்றித் தரும். 54பி அட்டவணை கன அளவைப் பெருக்க வேண்டிய எண்ணைத் தரும். இன்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே போட்டுவிடும், உண்மைதான். ஆனாலும் ஒரு மாதம் கையால் போட்டுப் பாருங்கள். திரையில் அபத்தமான எண் வந்தால் உடனே உறுத்தும்.

கன்ட்ரோல் ரூமில் தெரியும் எண்

இப்போது கருவிகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை, நீங்கள் அதிகம் சந்திக்கப்போகிறவற்றை மட்டும்.

பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாய், அதாவது கேஜ் கிளாஸ், எல்லாவற்றிலும் எளியது. கொத்தனார்கள் டியூபில் தண்ணீர் விட்டுச் சுவருக்குச் சுவர் மட்டம் பார்ப்பார்களே, அதே தத்துவம். மேல் வால்வு, கீழ் வால்வு இரண்டும் திறந்திருக்க வேண்டும். ஒன்று மூடியிருந்தாலோ அடைத்திருந்தாலோ கண்ணாடி பழைய மட்டத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். சந்தேகம் வந்தால், வழியவிடுவது ஆபத்தில்லாத சரக்காக இருந்து அனுமதியும் இருந்தால், கொஞ்சம் வடியவிட்டு மறுபடியும் பழைய இடத்துக்கே ஏறுகிறதா என்று பாருங்கள்.

டிபி டிரான்ஸ்மிட்டர், அதாவது இரண்டு பக்க அழுத்தத்தின் வித்தியாசத்தை அளக்கும் கருவிதான் ஆலைகளில் எங்கு பார்த்தாலும் இருப்பது. அது அளப்பது அடியில் இருக்கும் அழுத்தத்தை. 10 மீட்டர் தண்ணீர் என்றால் 10,000 மிமீ தண்ணீர் அழுத்தம். 4 (காலி) முதல் 20 (முழுசு) மில்லி ஆம்ப் வரை வரும் சிக்னலில் 12 மில்லி ஆம்ப் என்றால் பாதி, 5 மீட்டர். டீசலின் அடர்த்தி 0.83 என்று வைத்தால் அதே 10 மீட்டருக்கு 8,300 மிமீ மட்டும்தான். ஆக, அடர்த்தி எவ்வளவு என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து உள்ளே போட்டிருக்கிறார். டீசலுக்குச் செட் செய்த டேங்க்கில் 0.74 அடர்த்தியுள்ள பெட்ரோலை ஏற்றினால் என்ன ஆகும்? உள்ளே 8 மீட்டர் இருக்கும்போது திரை 7.13 மீட்டர் என்று காட்டும். கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் குறைத்து! சரக்கு மாறினால் முதல் போன் இன்ஸ்ட்ருமென்ட்காரருக்குப் போக வேண்டும்.

டிரான்ஸ்மிட்டர் பொருத்தியிருக்கும் நாசில் (டேங்க்கின் குழாய் வாய்) அடித்தட்டிலிருந்து அரை மீட்டர் மேலே இருந்தால், அதற்குக் கீழே இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. டேங்க்கை நைட்ரஜன் போர்த்தியிருந்தால் அந்த அழுத்தத்தையும் மட்டத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிடும். அதைக் கழிக்கத்தான் தாழ்ந்த அழுத்தப் பக்கத்தை டேங்க்கின் உச்சியோடு இணைக்கிறார்கள். திறந்த டேங்க்கில் அந்தப் பக்கம் வெறுமனே காற்றுக்குத் திறந்திருக்கும்.

அந்தத் திறந்த ஓட்டை எனக்கு ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு ஆலையில் டேங்க் ஒன்றின் மட்டம் காலை பத்து மணியிலிருந்து மெல்லக் குறையும், மதியம் மிகக் குறைவாக இருக்கும், இருட்டியதும் தானாக ஏறும். சரக்கு அசையவே இல்லை. டிப் எடுத்தால் அதே எண். டிரான்ஸ்மிட்டரை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், கார்டை மாற்றினோம். கடைசியில் ஹெல்பர் பையன் ஒருவன் திறந்த பக்கத்தைக் காட்டி, "அண்ணே, குளவி மண் வெச்சிருக்கு" என்றான். ஓட்டை முழுக்க அடைத்திருந்தது. உள்ளே சிக்கிய காற்று வெயிலில் சூடாகி அழுத்தம் ஏறி, மறுபக்கத்து மட்டத்தை அமுக்கிக் காட்டியிருக்கிறது. ஒரு குச்சியால் குத்தியதும் தீர்ந்தது. அந்த ஓட்டையில் வலை போட்ட மூடி இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

ஜீரோ சரிபார்க்க, அதாவது இரண்டு பக்கமும் அழுத்தம் சமமானால் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க, மானிஃபோல்டை (டிரான்ஸ்மிட்டரின் வால்வுத் தொகுதி) தொடும்போது வரிசை முக்கியம். திறந்த டேங்க்கில் முதலில் உயர் அழுத்தப் பக்க வால்வை மூடுங்கள், அப்புறம்தான் சமன் வால்வைத் திறக்க வேண்டும். மாற்றிச் செய்தால் டேங்க்கில் இருக்கும் சரக்கு சமன் வால்வு வழியாகப் போய், காற்றுக்குத் திறந்திருக்கும் ஓட்டை வழியே கொட்டும். தொடுவதற்கு முன் கன்ட்ரோல் ரூமில் சொல்லுங்கள். நீங்கள் ஜீரோ பார்க்கும்போது டேங்க் காலி என்று நினைத்து பம்ப் டிரிப் ஆகும், தானாக நின்றுவிடும்.

அல்ட்ராசானிக் கருவி ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 40 டிகிரியில் 355 மீட்டர். இந்த வித்தியாசத்தைக் கருவியிலேயே இருக்கும் வெப்ப சென்சார் சரிசெய்துவிடும். ஆனால் டேங்க்குக்குள் இருப்பது வெறும் காற்றாக இல்லாமல் பெட்ரோல் ஆவியாக இருந்தால் அதற்குத் தெரியாது. கனமான ஆவியில் ஒலி மெதுவாகப் போகும், எதிரொலி தாமதமாக வரும், மட்டம் தாழ்ந்திருப்பதாகக் காட்டும். மறுபடியும் ஆபத்தான பக்கம். நுரை இருந்தால் எதிரொலியே வராது. தண்ணீருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் மலிவான நல்ல கருவி, எரிபொருளுக்கு என் கையால் போட மாட்டேன்.

ரேடாருக்கு ஆவி பெரிதாகத் தொந்தரவு தராது. மின்காந்த அலை என்பதால் வேகம் ஏறக்குறைய மாறாது. அதன் பிரச்சினை வேறு. தண்ணீர் அதன் மீது படும் அலையின் சக்தியில் ஏறக்குறைய 64 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், பெட்ரோலும் டீசலும் சுமார் 3 சதவீதத்தைத்தான். எதிரொலி அவ்வளவு மெலிதாக இருக்கும்போது, பக்கத்தில் இருக்கும் ஏணியோ குறுக்குக் கம்பியோ அதைவிடச் சத்தமாகப் பதில் சொல்லும். கருவி ஏணியை எண்ணெய் என்று நம்பிவிடும். மட்டம் ஒரே உயரத்தில் நிலையாக நின்றால், அந்த உயரத்தில் டேங்க்குக்குள் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் தேடுங்கள். சரக்கு விழும் இடத்துக்கு நேர் மேலேயும் சுவரை ஒட்டியும் ரேடாரை வைக்கக் கூடாது. துளையிட்ட நீள்குழாய்க்குள் வைத்தால் நல்லது. நல்ல ரேடார் அரை மில்லிமீட்டர் வரை சொல்லும் என்பது உண்மைதான், பொருத்தியவர் ஒழுங்காகப் பொருத்தியிருந்தால்.

சர்வோ கேஜ் ஒரு எடையைக் கம்பியில் தொங்கவிட்டு, அது எண்ணெயில் கொஞ்சம் மிதக்கும்போது எடை குறைவதை உணர்ந்து மட்டத்தைப் பின்தொடரும். துல்லியத்தில் ரேடாருக்குக் குறைந்ததில்லை. ஆனால் அசையும் பாகம் உண்டு. அசைவது ஒருநாள் சிக்கும். மிதவையும் பட்டையும் உள்ள பழைய கேஜுக்கும் இதே நோய் வரும்.

டேங்க் நிரம்பும்போது

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் பன்ஸ்ஃபீல்ட் என்ற எண்ணெய்க் கிடங்கு. 2005 டிசம்பர் 11, ஞாயிறு. 912 என்ற எண்ணுள்ள டேங்க்கில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாலை 3 மணி தாண்டியதும் அதன் சர்வோ கேஜ் சிக்கிக்கொண்டது. திரையில் மட்டம் ஒரே கோடாக நின்றது, டேங்க்கில் பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது. மட்டம் உச்சியைத் தொட்டால் தானாக நிறுத்த வேண்டிய தனி சுவிட்ச்சும் வேலை செய்யவில்லை. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்துவைக்க ஒரு பூட்டு தேவை. அந்தப் பூட்டு எதற்கென்று யாருக்கும் தெரியாததால் மாட்டாமல் விட்டுவிட்டார்கள். இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் வழிந்தது. காலை 6 மணிக்குப் பெருவெடிப்பு. 43 பேர் காயம், விடிகாலை ஞாயிறு என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது: அந்த கேஜ் அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் 14 தடவை சிக்கியிருக்கிறது.

நான்கு வருடம் கழித்து, 2009 அக்டோபர் 23 அன்று புவேர்ட்டோ ரிக்கோவின் பயமோனில் கப்பலிலிருந்து பெட்ரோல் இறங்கிக்கொண்டிருந்தது. மட்டம் காட்டும் கம்ப்யூட்டர் வேலை செய்யாததால் ஆட்கள் டேங்க்குக்கு டேங்க் போய் கேஜைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் வழிந்தது, அங்கேயும் வெடித்தது.

இதிலிருந்து உங்கள் ஷிப்ட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. சரக்கு வர ஆரம்பிக்கும் முன்பே, மணிக்கு எத்தனை மட்டம் ஏற வேண்டும் என்று போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 500 கன மீட்டர் வருகிறது, டேங்க்கின் விட்டம் 20 மீட்டர் என்றால், மணிக்கு 1.59 மீட்டர் ஏற வேண்டும். நிமிடத்துக்கு 26 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பாதுகாப்பு உயரத்துக்கு இன்னும் 2 மீட்டர் இருந்தால் உங்கள் கையில் இருப்பது 75 நிமிடம். மணிக்கொரு தடவை "ஏற வேண்டியது", "ஏறியது" என்று இரண்டு கட்டம் போட்டு எழுதுங்கள். சரக்கு வந்துகொண்டிருக்கும்போது மட்டம் அசையாமல் நின்றால் அதுவே அலாரம். திரையில் சிவப்பு வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். குறைவாக ஏறினால் கேஜ் பொய் சொல்கிறது, அல்லது சரக்கு வேறு டேங்க்குக்குப் போகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நிறுத்தச் சொல்லிவிட்டு அப்புறம் தேடுங்கள். நிறுத்தியதற்காகத் திட்டு விழும். விழட்டும்.

உச்ச மட்ட சுவிட்ச் வழக்கமான கேஜோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனிக் கருவியாக இருக்க வேண்டும். ஒரே சென்சாரிலிருந்து இரண்டு அலாரம் எடுத்துவிட்டு இரட்டைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ளும் இடங்கள் உண்டு. டேங்க் நிரம்பி வழிவதைத் தடுக்க ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) 2350 என்ற தரநிலை இருக்கிறது, உங்கள் ஆலையில் இருந்தால் படித்துப் பாருங்கள். சுவிட்ச்சைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். சோதித்த பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

லாக் புக்கும் டேப்பும்

டிப், தண்ணீர், வெப்பநிலை மூன்று, அடர்த்தி, எடுத்த நேரம், அந்த நிமிடத்தில் திரை காட்டிய எண். இவ்வளவும் ஒரே வரியில் இருக்கட்டும். திரைக்கும் டிப்புக்கும் எத்தனை மில்லிமீட்டர் வரை வித்தியாசம் பொறுக்கலாம் என்பது உங்கள் ஆலையின் நடைமுறையில் எழுதியிருக்கும். அதற்குள் இருந்தாலும் வித்தியாசத்தை எழுதிவையுங்கள். நேற்று 2, இன்று 3, நாளை 5 என்று ஒரே பக்கமாக நகர்ந்தால் கருவி எதையோ சொல்ல வருகிறது. கேஜ் ஒரு தடவை சிக்கி, தட்டியதும் சரியானால் அதையும் எழுதுங்கள். "சரியாயிடுச்சு" என்று வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் அடுத்த ஷிப்ட்காரருக்கு அது நடக்கவே இல்லை.

திரையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக டிப்பை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி எழுதும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் சொல்லித் தருகிறவர் எவ்வளவு சீனியராக இருந்தாலும் அந்தப் பாடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் டேப்பைத் துடைத்து, மடிப்பு விழாமல் சுற்றி வையுங்கள். மடிப்பு விழுந்த டேப், எண் அழிந்த டேப், சான்றிதழ் காலாவதியான டேப் மூன்றும் ஒன்றுதான், மாற்றக் கேளுங்கள். குண்டின் நுனியையும் பாருங்கள். ஆயிரக்கணக்கான தடவை இரும்புத் தகட்டில் மோதி மோதிப் பித்தளை தேயும். ஒரு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால், நம் 20 மீட்டர் டேங்க்கில் ஒவ்வொரு டிப்பிலும் 314 லிட்டர் கூடுதலாக எழுதிக்கொண்டிருப்பீர்கள்.